தடைக்காலத்தில் கூசாமல் சொல்லும் சொல், வகுப்பறையில் ஏன் கூசுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 15 வந்துவிட்டால் எங்கள் பக்கம் விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் கட்டிக் கிடக்கும். பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம், தொண்டி, எங்கே போனாலும் அதே காட்சிதான். ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். ஏன் தடை என்று கேட்டால் டீக்கடை வாசலில் நிற்கும் எட்டு வயதுப் பையன்கூடச் சொல்லிவிடுவான், இது மீன் இனப்பெருக்கக் காலம், சினை மீனைப் பிடிக்கக் கூடாது என்று. உங்கள் நாளிதழிலும் வருஷா வருஷம் அந்தச் சொல் பெரிய எழுத்தில் வருகிறது. யாரும் கூச்சப்படுவதில்லை. அதே சொல்லுக்கு முன்னால் 'மனித' என்று ஒன்று சேர்ந்துவிட்டால் மட்டும் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். போன மாதம் விலங்கியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். மனித இனப்பெருக்கம் என்ற பாடத்தை, வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள், பரீட்சைக்கு வருகிற கேள்வியை மட்டும் எழுதிப் போடுகிறேன் என்று சொல்லி வகுப்பில் தாண்டிவிட்டார்களாம். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், பையன்கள் பின் பெஞ்சில் சிரித்தார்கள், அத்தோடு பாடம் முடிந்தது. எந்தப் பள்ளி, எந்த ஆசிரியர் என்பதை எழுதப் போவதில்லை. நான் படித்த காலத்திலும் இதே கதைதான், ஆகவே ஒருவர் மேல் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது. ஆனால் அந்தப் பெண் கேட்ட கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. விந்தகத்தைக் குறுக்காக வெட்டிய படம் ஒன்றைக் காட்டி, "பெரியம்மா, இந்த வட்ட வட்டமான குழாயும், குழாய்களுக்கு நடுவில் கொத்தாக இருக்கிற இந்தச் செல்லும் ஒன்றா வேறயா?" என்று கேட்டாள்.

வேறு வேறுதான். அந்த வேறுபாடு தெரியாததால் என் குடும்பத்திலேயே ஒருத்தி எட்டு வருஷம் அழுதாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு ஆஸ்பத்திரியில் நோய்க்குறியியல் ஆய்வகத்தில் டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஃபார்மலினில் போட்டு வரும் சதையை மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் ஐந்து மைக்ரான் கனத்துக்குச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடித் துண்டில் ஏந்தி எடுத்துச் சாயம் ஏற்றுவது என் வேலை. ஐந்து மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரை இருநூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. ஹிமாடாக்சிலின் சாயத்தில் செல்லின் உட்கரு கருநீலமாகும், இயோசினில் மற்றதெல்லாம் இளஞ்சிவப்பாகும். நோய் என்ன என்று எழுதுவது டாக்டர்தான். ஆனால் சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு ஸ்லைடையும் முதலில் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவள் நான். சொல்லிக்கொடுக்கிற மனசுள்ள டாக்டர்கள் பக்கத்தில் இருந்தார்கள், நானும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பெண்ணிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். பேச்சில் விதை, விரை என்று சொல்வதைத்தான் புத்தகம் விந்தகம் என்கிறது. வெளியே கெட்டியான வெள்ளை உறை, உள்ளே சுமார் 250 சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொரு அறையிலும் ஒன்று முதல் நான்கு வரை மெல்லிய குழாய்கள், நைலான் நூல் சிக்கிக்கொண்ட மாதிரி சுருண்டு கிடக்கும். ஒரு விந்தகத்தில் உள்ள குழாய்களை எல்லாம் பிரித்து நீட்டினால் சில நூறு மீட்டர் வரும். வெட்டிப் பார்க்கும்போது அந்தக் குழாய்கள்தான் வட்ட வட்டமாகத் தெரிகின்றன. குழாயின் சுவரை ஒட்டி மூலச் செல்கள், அடுத்த வரிசையில் கொஞ்சம் பெரிய செல்கள், அதற்கும் உள்ளே சின்ன உருண்டைகள், நடுவில் வால் முளைத்த விந்தணுக்கள். ஒரே வட்டத்தில் ஒரு உயிரணுவின் முழு வளர்ச்சியும் வெளியிலிருந்து உள்ளே படிப்படியாகத் தெரியும். முதல் படியிலிருந்து கடைசிப் படி வர ஏறத்தாழ 74 நாள் ஆகும். கடுமையான காய்ச்சல் வந்தவருக்கு அடுத்த இரண்டு மூன்று மாதம் விந்தணு எண்ணிக்கை குறைந்து தெரிவது இதனால்தான், ஒரே ஒரு பரிசோதனையை வைத்து டாக்டர்கள் முடிவு சொல்லாததும் இதனால்தான்.

இந்த வரிசைகளுக்கு நடுவே சுவரிலிருந்து உள் ஓரம் வரை நீண்டு நிற்கிற செல் ஒன்று இருக்கிறது, செர்டோலி செல் என்று பெயர், 1865ல் அதைக் கண்டு எழுதிய இத்தாலியரின் பெயர் அது. வளர்கிற விந்தணுக்களைத் தாங்கிப் பிடித்து ஊட்டி வளர்ப்பது இதன் வேலை. இன்னொரு வேலையும் உண்டு. பக்கத்துப் பக்கத்துச் செர்டோலி செல்கள் ஒன்றோடொன்று இறுக ஒட்டி ஒரு தடுப்பு கட்டிவிடும், ரத்தம் அந்தப் பக்கம் போகாது. விந்தணு உருவாக ஆரம்பிப்பது பருவ வயதில், அதற்கு ரொம்ப முன்னாலேயே உடம்பின் எதிர்ப்பு சக்தி நம்மவர் யார் அந்நியர் யார் என்று பழகி முடித்திருக்கும். தடுப்பு இல்லாவிட்டால் சொந்த விந்தணுவையே அந்நியம் என்று தாக்கிவிடும்.

இதெல்லாம் குழாய்க்கு உள்ளே. குழாய்களுக்கு வெளியே, இடைவெளிகளில், ரத்த நாளங்களை ஒட்டிக் கொத்துக் கொத்தாக இருப்பவை லீடிக் செல்கள். 1850ல் லீடிக் என்ற ஜெர்மானியர் எழுதிவைத்தது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் இங்கேதான் சுரக்கிறது. மீசை முளைப்பது, குரல் உடைவது, தோள் விரிவது, ஆசை வருவது எல்லாம் இந்தக் கொத்துகளின் வேலை. விந்தணுவுக்கும் இந்தச் சுரப்பு வேண்டும், உண்மைதான். ஆனால் குழாய் பாழாகிப்போனாலும் வெளியே இருக்கிற கொத்து நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்க முடியும். ஆண்மை வேறு, விந்தணு வேறு. இதை நான் ஆயிரம் வார்த்தையில் சொன்னாலும் நம்பாதவர் ஒரு ஸ்லைடைப் பார்த்தால் நம்புவார்.

சரி, என் சித்தி மகள் கதைக்கு வருகிறேன். கல்யாணமாகி எட்டு வருஷம் குழந்தை இல்லை. எத்தனை டாக்டர், எத்தனை ஸ்கேன், எத்தனை மாத்திரை, கருக்குழாயில் அடைப்பா என்று சாயம் ஏற்றி எடுத்த எக்ஸ்ரே, எல்லாம் அவளுக்கு மட்டும். திருப்புல்லாணியில் நாகப் பிரதிஷ்டை செய்து பாயசம் வாங்கிச் சாப்பிட்டாள், ஏர்வாடிக்கும் போய் வந்தாள். வேண்டுதலை நான் குறை சொல்ல மாட்டேன், அவளுக்குத் தெம்பு கொடுத்தது அதுதான். ஆனால் அந்த எட்டு வருஷத்தில் அவள் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு விந்து பரிசோதனை எடுக்க வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. "அவனுக்கு என்ன குறை? ஆம்பளை சிங்கம் மாதிரி இருக்கான்" என்பார் மாமியார். கடலுக்குப் போகிற உடம்பு, கட்டுமஸ்தான ஆள், அடர்த்தியான மீசை. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது லீடிக் செல்லின் வேலையை, அதை வைத்துக் குழாய்க்குள்ளும் எல்லாம் சரி என்று முடிவு கட்டிவிட்டார்.

கடைசியில் அவள் வீட்டுக்காரரே மனசு மாறிப் பரிசோதனைக்குப் போனார். விந்தணு ஒன்றுகூட இல்லை. விந்தகத்திலிருந்து கடுகளவு சதை எடுத்துப் பார்த்தார்கள். அவர் கேட்டுக்கொண்டதால் அந்த ஸ்லைடை நானும் பார்த்தேன். வட்டங்கள் இருக்கின்றன, உள்ளே ஆள் இல்லை. மெழுகை ஊற்றி அடைத்த மாதிரி இளஞ்சிவப்பாக இறுகிப்போன குழாய்கள். அவற்றுக்கு நடுவே லீடிக் கொத்துகள் மட்டும் குறையில்லாமல் இருந்தன. பிறகு விசாரித்தபோது தெரிந்தது, பத்தொன்பது வயதில் அவருக்குப் பொன்னுக்குவீங்கி வந்திருக்கிறது, கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுப் படுக்கவைத்திருக்கிறார்கள், விதை வீங்கி வலித்ததை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. பருவ வயதுக்கு அப்புறம் வரும் பொன்னுக்குவீங்கி சிலருக்கு விந்தகத்தைத் தாக்கும். பெரும்பாலும் ஒரு பக்கத்தோடு நின்றுவிடும், குழந்தையே பிறக்காத நிலைக்குப் போவது அபூர்வம், ஆகவே படிப்பவர்கள் பயப்பட வேண்டாம். இவருக்கு இரண்டு பக்கமும் போய்விட்டது. அந்தச் சாயங்காலம் அவர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "இத்தனை வருஷம் அவளைப் பேசவிட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தேனே அக்கா" என்றார். நான் அதற்கு என்ன சொல்ல முடியும்.

ஆண் குழந்தை பெற்றவர்களுக்கு இன்னொன்று. விந்தகம் உடம்புக்கு வெளியே பையில் தொங்குவதற்குக் காரணம் உண்டு, உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் உள்ளே விந்தணு வளரும். பிறந்த குழந்தைக்கு இரண்டு விதையும் பைக்குள் இறங்கியிருக்கிறதா என்று குளிப்பாட்டும்போது தொட்டுப் பாருங்கள். ஆறு மாதம் ஆகியும் இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும், ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் செய்து இறக்கிவிடுவது நல்லது. தாமதமாக, பெரிய பிள்ளையான பிறகு எடுத்து வந்த விந்தகங்களைச் சீவியிருக்கிறேன். மூலச் செல்கள் அரிதாகிப்போன குழாய்கள்தான் அவற்றில் இருக்கும்.

இப்போது பெண் உடம்புக்கு வருகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த ஸ்லைடுகள் இந்தப் பக்கம்தான். தமிழில் சினைப்பை என்று அழகான பெயர் இருக்கிறது. சூடை மீனைப் பிளந்தால் மஞ்சளாகப் படிந்திருக்கும் சினையும் இந்தச் சினையும் ஒரே சொல், நம் பாட்டிகள் வித்தியாசம் பார்க்காமல் வைத்த சொல். வாதாம் பருப்பு அளவுள்ள அந்தப் பையை வெட்டிப் பார்த்தால் வெளி ஓரத்தில் மணல் தூவியது போல் குட்டிக் குட்டி உருண்டைகள் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு முட்டை, அதைச் சுற்றித் தட்டையான செல்கள் ஒரே ஒரு வரிசை. இவையெல்லாம் அந்தப் பெண் பிறப்பதற்கு முன்பே, அவள் அம்மா வயிற்றில் இருக்கும்போதே உருவானவை. கருவில் ஐந்தாவது மாதம் போல அறுபது எழுபது லட்சம் இருக்கும், பிறக்கும்போது பத்து இருபது லட்சம், வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம். அதில் ஆயுசு முழுவதும் வெடித்து வெளியேறுவது நானூறு, ஐந்நூறுதான். ஆண் உடம்பு தினமும் கோடிக்கணக்கில் புதிதாகச் செய்துகொண்டிருக்க, பெண்ணின் முட்டை முப்பது நாற்பது வருஷம் பாதி வழியில் நின்று காத்திருக்கும். நாற்பது வயதில் வெளிவரும் முட்டைக்கும் நாற்பது வயதுதான். நம்மை ஆளாக்கிய முட்டை, நம் அம்மா பாட்டி வயிற்றில் இருந்தபோதே உருவாகிவிட்டது. இதைச் சொன்னதும் பக்கத்து வீட்டுப் பெண் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

மாதா மாதம் சில உருண்டைகள் வளர ஆரம்பிக்கும், தட்டைச் செல்கள் உருண்டு பல அடுக்காகும், உள்ளே நீர் சேரும், ஒன்று மட்டும் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்து வெடிக்கும். மற்றவை சுருங்கிவிடும். இந்த வளர்ச்சி நடுவழியில் தேங்கிச் சின்னச் சின்ன நீர்ப் பைகளாக நின்றுவிட்டால் அதைத்தான் ஸ்கேனில் பார்த்து நீர்க்கட்டி என்கிறார்கள். கட்டி என்ற சொல்லைக் கேட்டுப் பயந்து கல்யாணத்தையே நிறுத்திய வீடுகளை எனக்குத் தெரியும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அது வெடிக்காமல் தேங்கிப்போன முட்டைப் பைதான், புற்றுநோய்க் கட்டி ஒன்றும் இல்லை. ஹார்மோன் கோளாறு, அதற்கு வைத்தியம் இருக்கிறது.

கருக்குழாய் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம்தான், ஆனால் அதன் குறுக்கு வெட்டைப் பார்த்தால் கண் எடுக்க முடியாது. மடிப்பு மடிப்பாக, மடிப்புக்குள் மடிப்பாக. மேல்வரிசைச் செல்களில் பாதிக்குத் தலையில் மெல்லிய ரோமங்கள். உயிரோடு இருக்கும்போது அவை எல்லாம் கருப்பையைப் பார்த்து ஒரே திசையில் அசையும், பாக்கு நீரிணையில் ஆழமில்லாத இடத்தில் படகை நிறுத்திக் குனிந்து பார்த்தால் கடல்புல் நீரோட்டத்தோடு சாய்கிறதே, அந்த மாதிரி. முட்டைக்குத் தானாக நீந்தத் தெரியாது, இந்த அசைவும் குழாய்த் தசையும்தான் அதை நகர்த்துகின்றன. டிபி கிருமி இந்தக் குழாயைத் தாக்கினால் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். இருமல் இருக்காது, சில பேருக்கு எந்த அறிகுறியுமே இருக்காது, குழந்தை இல்லை என்று தேடிப் போகும்போதுதான் தெரியவரும்.

கருப்பையின் உள்வரியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே எழுத வேண்டும், ஏனென்றால் மாதவிலக்கில் போவது கெட்ட ரத்தம் என்று இன்றைக்கும் படித்தவர்களே சொல்கிறார்கள். அந்த உள்வரிக்கு இரண்டு அடுக்கு. அடியில் இருப்பது என்றும் உதிராது. மேலே இருப்பது ஒவ்வொரு மாதமும் புதிதாக வளர்வது. முதல் இரண்டு வாரம் அதன் சுரப்பிகள் நேர் குழாயாக இருக்கும், முட்டை வெளிவந்ததும் செல்லின் அடியில் சின்னக் குமிழிகள் தோன்றும், அப்புறம் குழாய்கள் ரம்பப் பல் போல நெளியும். இந்த மாற்றம் அவ்வளவு ஒழுங்காக நடப்பதால் ஸ்லைடைப் பார்த்தே இது சுழற்சியின் எத்தனையாவது நாள் என்று ஓரளவு சொல்லலாம், 1950லேயே அதற்கு அட்டவணை போட்டுவிட்டார்கள். கரு வந்து தங்காவிட்டால் சுருள் சுருளான ரத்த நாளங்கள் இறுகி, மேல் அடுக்கு உதிர்கிறது. ஒரு குழந்தைக்காக விரித்த படுக்கை அது. அந்தச் சதையை எத்தனையோ முறை என் கையால் சீவியிருக்கிறேன். அதில் கெட்டது என்று ஒன்றும் இல்லை. அந்த நாட்களில் ஒரு சின்னப் பெண்ணைத் தனியாக உட்கார வைப்பவர்கள் ஒருமுறை அந்த ஸ்லைடைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கடைசியாக கருப்பை வாய். வெளிப்பக்கம் பல அடுக்குத் தட்டைச் செல்கள், உட்பக்கம் சளி சுரக்கும் உயரமான செல்கள் ஒரே வரிசை. இரண்டும் சந்திக்கிற எல்லையில் ஒரு வகைச் செல் இன்னொரு வகையாக மாறிக்கொண்டே இருக்கும். ஹெச்பிவி வைரஸ் பிடிப்பதும், கருப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் ஆரம்பிப்பதும் அந்த எல்லையில்தான். இந்த வைரஸ்தான் காரணம் என்று காட்டிய ஹரால்டு சூர் ஹவுசனுக்கு 2008ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். வைரஸ் புகுந்து புற்றாக மாறப் பல வருஷம் ஆகும், அந்த வருஷங்களில் எப்போது பார்த்தாலும் கண்டுபிடித்துக் குணப்படுத்தலாம். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இதற்குப் பரிசோதனை உண்டு. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவினால் மாறுபட்ட செல்கள் வெள்ளையாகத் தெரியும், அவற்றில் உட்கரு பெரிதாகி அடைத்துக்கொண்டிருப்பதால். அயோடின் தடவினால் நல்ல செல்கள் பழுப்பாகும், அவற்றில் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் நிறைந்திருப்பதால். சில நிமிஷ வேலை. ஆனால் பாசி எடுக்கப் போகிற பெண்களையும் கருவாடு காயப்போடுகிற பெண்களையும் கூப்பிட்டால், "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று முந்தானையை உதறிவிட்டுப் போய்விடுகிறார்கள். ரத்தம் கசியத் தொடங்கிய பிறகு, நாள் கடந்து வந்த சதைகள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. அந்த ஸ்லைடுகளை நான் மறக்கவில்லை.

அப்புறம், சோப்பு, டெட்டால் போட்டுப் பிறப்புறுப்பின் உள்ளே கழுவுகிற பழக்கத்தை நிறுத்துங்கள். அந்தக் கிளைக்கோஜனை வைத்துத்தான் நல்ல பாக்டீரியாக்கள் அமிலம் உண்டாக்கிக் கெட்ட கிருமியைத் தடுக்கின்றன. கழுவினால் காவல் போய்விடும்.

விந்தணுவின் உட்கருவும் முட்டையின் உட்கருவும் ஒன்று சேர்வதை மைக்ராஸ்கோப்பில் தெளிவாகப் பார்த்து எழுதியவர் ஆஸ்கார் ஹெர்ட்விக், 1875ல், மத்தியதரைக் கடலோரத்தில். அவர் பார்த்தது கடல் முள்ளெலியின் முட்டையை. அது கண்ணாடி மாதிரி இருப்பதால் உள்ளே நடப்பது தெரியும். கடல் முள்ளெலி நம் மன்னார் வளைகுடாவிலும் பாறை இடுக்குகளில் கிடக்கிறது, காலில் குத்தியவர்களுக்குத் தெரியும். மண்டபம் கேம்பில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இத்தனை வருஷமாக மீன்களை ஆராய்ந்து வருகிறது, எந்த மீன் எப்போது சினை பிடிக்கும் என்பது உட்பட. கடலில் உள்ளதன் கருவைப் பற்றி இவ்வளவு தெரிந்த கரை இது, தன் பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பைப் பற்றிச் சொல்ல மட்டும் தயங்குகிறது.

ஆகவே நான் கேட்பது இரண்டே விஷயம். இந்தக் கரையோரப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்கள் அந்தப் பாடத்தைத் தாண்டவிடாதீர்கள், ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்தே நடத்துங்கள், கூச்சமாக இருந்தால் பேச்சைக் குறைத்து மைக்ராஸ்கோப்பை முன்னால் வையுங்கள். கண்ணை வைத்துப் பார்க்கிற பிள்ளை சிரிக்காது, இதை அனுபவத்தில் சொல்கிறேன். இரண்டாவது உங்களுக்கு, ஆசிரியர் அவர்களே. வாரம் ஒரு ஸ்லைடு படம், பக்கத்தில் நான்கு வரி விளக்கம், இவ்வளவு இடம் உங்கள் நாளிதழில் ஒதுக்க முடியுமா? எழுதிக் கொடுக்க நான் தயார்.

கல்லூரிகளுக்கு விற்கும் நிரந்தர ஸ்லைடு பெட்டி ஒன்று சொந்தக் காசில் வாங்கி வைத்திருக்கிறேன். விந்தகம், அதை ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் என்ற சுருள் குழாய், சினைப்பை, கருக்குழாய், கருப்பை உள்வரி, கருப்பை வாய் எல்லாம் அதில் இருக்கின்றன. தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரை எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் பஸ் ஏறி வந்துவிடுவேன். என் விலாசமும் போன் நம்பரும் உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள். பெயரை மட்டும் அச்சிட வேண்டாம், என் சித்தி மகளும் அவள் வீட்டுக்காரரும் இதே கரையில்தான் இருக்கிறார்கள். அவர்கள் கதையை எழுத இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டேன். "எழுதுங்க அக்கா" என்று முதலில் சொன்னது அவர்தான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக டெக்னீசியன்,
மண்டபம் அருகில், ராமநாதபுரம் மாவட்டம்.